கைதட்டிவிட்டுக் கலைந்து போனால் போதுமா? 'பெரியார்' திரைப்படமும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரும்



ஞான ராஜசேகரன் இயக்கிய 'பெரியார்' திரைப்படம் 2007ஆம் ஆண்டு மே முதல் நாள் வெளிவந்தது. தந்தை பெரியாராக சத்யராஜும், நாகம்மையாராக ஜோதிர்மயியும், மணியம்மையாராக குஷ்புவும் அதில் நடித்தனர். தமிழக அரசு 95 இலட்சம் ரூபாய் நிதியுதவி அளித்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படம் என்ற தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. படம் வெளிவந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும் நியூ ஜெர்சியிலும், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும், டெக்சாஸிலும் வாழும் தமிழரிடையே அதனைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. முன்பு குறுந்தகடாகக் கைமாறிய படம் இன்று கைப்பேசியிலேயே காணக் கிடைக்கிறது. செப்டம்பர் 17 வந்தால் ஒரு முறையும், டிசம்பர் 24 வந்தால் மறு முறையும் யாரேனும் அதனைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் மோதிக்கொள்கிறார்கள்.

அந்த மோதலைக் கண்டு நம்மிற் பலர் முகம் சுளிக்கின்றனர். "பெருந்தலைவர் ஒருவரைப் பற்றிய படத்தில் குறை காணலாமா?" என்று ஒரு சாரார் அதட்டுகின்றனர். "பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு வேண்டாமே" என்று மறுசாரார் கதவைச் சாத்துகின்றனர். இவ்விரு சாராரையும் நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகிறது. படத்தைப் புகழ்ந்தவர்களால் தீங்கு நேரவில்லை, இகழ்ந்தவர்களாலும் நேரவில்லை. வாயை மூடச் சொன்னவர்களாலேயே நேர்ந்தது என்பது எமது உறுதியான கருத்து.

ஐந்து குரல்கள்

இப்படத்துக்கு எழுந்த எதிர்வினைகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நெகிழ்ந்து போனவர்களின் குரல். காசியில் சத்திரத்துச் சோறு மறுக்கப்பட்டுப் பசியோடு நின்ற இளைஞர் இராமசாமியையும், வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற தலைவரையும் திரையில் கண்டு கண் கலங்கியவர்கள் இவர்கள். சத்யராஜின் உடல்மொழியிலும் குரலிலும் அவர்கள் பெரியாரையே கண்டார்கள்.

இரண்டாவது, மனம் புண்பட்டவர்களின் குரல். தம் இறைநம்பிக்கையைப் படம் எள்ளி நகையாடுகிறது என்றும், அரசின் பணத்தைக் கடவுள் மறுப்புப் பரப்புரைக்குச் செலவிட்டது முறையன்று என்றும் இவர்கள் சினந்தார்கள். இளையராஜா இப்படத்துக்கு இசையமைக்க முன்வரவில்லை என்ற செய்தி வந்தபோதே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. பின்னர் வித்யாசாகர் இசையமைத்தார்.

மூன்றாவது, பெரியாரியலாளர்களிற் சிலரது குரல். கூர்மையான பெரியாரை மழுக்கி, எல்லாரும் ஏற்கத்தக்க நல்ல தாத்தாவாக மாற்றிவிட்டார்கள் என்பது இவர்களது முறையீடு.

நான்காவது, ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்று கேட்டவர்களின் குரல். பெரியாரின் இயக்கத்தால் உயர்ந்தவர்கள் யார், உயராமற் போனவர்கள் யார் என்ற கணக்கைப் புகழ்மாலைகள் ஏன் கேட்பதில்லை என்று இவர்கள் வினவினார்கள்.

ஐந்தாவது, நம் வீட்டுப் பிள்ளைகளின் குரல். "படம் நீளமாக இருக்கிறது. எல்லாரும் மேடையில் பேசுவது போலவே பேசுகிறார்கள். யார் யாரென்று விளங்கவில்லை." இதற்கு நம் வீடுகளில் கிடைத்த மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "பேசாமல் பார்!"

இந்த ஐந்து குரல்களிலும் மதிப்புக்குரிய உண்மை உண்டு. அந்த ஐந்தையும் ஒரே அறையில் அமர வைக்கும் துணிவு நமக்கு இல்லாமற் போனதே குறை.

மதித்தவர்களே மறுத்த மரபு

பெரியாரை மதிப்பவர் அவரை மறுத்துப் பேசலாகாது என்போர் அவரது வரலாற்றையே அறியாதவர்கள். 1949 சூலை 9ஆம் நாள், எழுபது வயதை நெருங்கிய பெரியார் தம்மைவிட ஏறத்தாழ நாற்பது வயது இளையவரான மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் தமக்குப் பின் காப்பதற்கான சட்ட ஏற்பாடு என்று அவர் விளக்கம் தந்தார். பொருந்தாத் திருமணத்தை எதிர்த்து வந்த இயக்கத்தின் தலைவரே இவ்வாறு செய்யலாமா என்று தொண்டர்கள் கொதித்தனர். அறிஞர் அண்ணாவும் தோழர்களும் வெளியேறி, அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர். பெரியாரின் பிறந்த நாளையே அதற்குத் தேர்ந்தனர். தலைவர் பதவியை அவருக்காகக் காலியாகவே விட்டுவைத்தனர்.

பதினெட்டு ஆண்டுகள் இரு சாராரும் கடுமையாக மோதிக்கொண்டனர். 1967இல் தேர்தலில் வென்றவுடன் அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். தமது ஆட்சியே பெரியாருக்குக் காணிக்கை என்று அறிவித்தார். அவ்வாண்டிலேயே சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

அண்ணாவைவிடப் பெரியாரை மதித்தவர் யார்? அண்ணாவைவிட வெளிப்படையாக அவரை மறுத்தவர் யார்? இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. அந்த மரபிலே வந்த நாம், ஒரு திரைப்படத்தைக் குறை சொன்னவரைத் துரோகி என்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது? வழிபாடு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. சிலை வழிபாட்டுக்கு எதிராக ஆயுள் முழுதும் உழைத்த ஒருவரையே சிலையாக்கி, அதன் முன் கற்பூரம் கொளுத்தும் செயல் அது.

திரையில் வென்றவர் ஒருவர். தெருவில் வென்றவர் பலர்

ஒரு மனிதரின் 94 ஆண்டு வாழ்வை ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் அடக்கும் படம் எதையேனும் விட்டே தீரும். எதை விட்டது என்று கேட்பது பார்வையாளரின் உரிமை, கடமையும் ஆகும்.

வைக்கத்தையே எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் மன்னராட்சியில், வைக்கம் சிவன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் தாழ்த்தப்பட்டோரும் நடக்கக்கூடாது என்ற தடை இருந்தது. 1924 மார்ச் 30ஆம் நாள் போராட்டம் தொடங்கியது. அதனைத் திட்டமிட்டவர்கள் டி.கே. மாதவனும், கே.பி. கேசவ மேனனும், அவர்களைச் சார்ந்தோரும் ஆவர். தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட்ட பின் அழைப்பை ஏற்றுப் பெரியார் ஏப்ரலில் சென்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது திறக்கப்பட்டவை மூன்று பக்கத் தெருக்கள் மட்டுமே. கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. 1936 நவம்பரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும் வரை முழு வெற்றிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மலையாளிகள் பலர் இக்கதையைச் சொல்லும்போது பெரியாரை விட்டுவிடுகிறார்கள் என்று நாம் சினக்கிறோம், அச்சினம் முறையானதே. தமிழர்கள் பலர் சொல்லும்போது டி.கே. மாதவனை விட்டுவிடுகிறோமே, அதற்குச் சினப்பவர் யார்? 2024 டிசம்பர் 12ஆம் நாள், நூற்றாண்டு நிறைவையொட்டி, புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகம் வைக்கத்தில் திறக்கப்பட்டபோது தமிழக முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் ஒரே மேடையில் நின்றனர். போராட்டம் இரு மொழியினருக்கும் உரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? திரைப்படம் ஒருவரைப் பின்தொடர்ந்து செல்லும் கலை. வரலாறு அப்படிப்பட்டதன்று. இதனைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லும் பெற்றோர், படத்துக்கும் பெரியாருக்கும் ஒருங்கே நன்மை செய்கிறார்.

இன்னும் கடினமான ஒரு கேள்வி உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், தாழ்த்தப்பட்ட மக்கள், குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அப்போது ஆட்சியில் இருந்தது அண்ணாவின் அரசு. அக்கொடுமைக்குப் பெரியார் ஆற்றிய எதிர்வினை போதுமானதன்று என்பது தலித் எழுத்தாளர் பலர் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டு. பெரியாரியலாளர் அதற்கு விடை கூறுகின்றனர். அவ்விடையை ஏற்காதோரும் உளர். இந்த விவாதத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தால் பெரியார் பெரியவராகிவிடுவார் என்று எண்ணுகிறீர்களா? நாம் மறைத்ததை அவர்கள் பல்கலைக்கழகத்தில் வேறொருவர் வாயிலாகக் கேட்பார்கள். அன்று, பெரியாரைப் பற்றி நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே ஐயுறுவார்கள்.

அமெரிக்கர்கள் தம் தலைவர்களைப் பற்றிச் சண்டையிடுவதில்லையா?

நம் பிள்ளைகள் வளரும் நாட்டிலேயே இதற்கான பாடங்கள் நிறைய உள்ளன.

1992இல் ஸ்பைக் லீ 'மால்கம் எக்ஸ்' படத்தை எடுத்தார். படப்பிடிப்புக்கு முன்பே, மால்கமின் வாழ்வைச் சிதைத்துவிடாதே என்று அமிரி பராகா என்ற கறுப்பினக் கவிஞர் எச்சரித்தார். ஸ்பைக் லீயும் விடவில்லை, வெளிப்படையாகவே வாதிட்டார். பின்னர் படத்துக்கான பணம் தீர்ந்துபோனபோது ஓப்ரா வின்ஃப்ரீ, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன் போன்றோர் தம் பணத்தைக் கொடுத்துப் படத்தை முடிக்க உதவினர். பூசலும் கொடையும் ஒரே சமூகத்திலிருந்து வந்தன!

2012இல் ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' வந்தது. அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் சட்டத்திருத்தத்துக்கு எதிராகக் கனெக்டிகட் மாநில உறுப்பினர் இருவர் வாக்களித்ததாக அதில் ஒரு காட்சி. உண்மையில் அம்மாநிலத்தின் நான்கு உறுப்பினர்களும் ஆதரித்தே வாக்களித்தவர்கள். அம்மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கோர்ட்னி இதனைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்டார். திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் மாற்றம் செய்ததை ஒப்புக்கொண்டு, அதற்கான காரணத்தையும் கூறினார். இதனால் லிங்கனின் புகழ் ஓரிழையேனும் குறைந்ததா?

2014இல் வந்த 'செல்மா' மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றியது. குடியரசுத் தலைவர் ஜான்சனைத் தவறாகச் சித்திரித்துவிட்டார்கள் என்று அவருடைய முன்னாள் உதவியாளர் ஜோசப் கலிஃபானோ நாளேட்டிலே எழுதினார். அந்தப் பூசலுக்கு நடுவில்தான், கறுப்பினத் தொழில்முனைவோர் நிதி திரட்டிப் பல நகரங்களில் பள்ளி மாணவர்கள் அப்படத்தைக் கட்டணமின்றிக் காண வழிசெய்தனர். பூசல் தீரட்டும், அதுவரை பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அரசுப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படத்துக்கு இந்திய அரசு நிறுவனமான தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் முதலீடு செய்தது. எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அந்தப் படத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு பாத்திரமாகக்கூட இல்லை! மம்முட்டி நடித்த அம்பேத்கர் வரலாற்றுப் படத்துக்கும் அரசுகளே பணம் தந்தன. அதன் தமிழ் வடிவம் 2010 டிசம்பரில்தான் தமிழகத்துத் திரையை எட்டியது. ஆகவே 'பெரியார்' படத்துக்கு மட்டும் அரசு பணம் கொடுத்துவிட்டது என்று பொங்குவோரின் வாதம் நிற்காது. அதேவேளை, அரசு பணம் கொடுக்கும் இடத்தில் படைப்பாளிக்கு எச்சரிக்கை உணர்வு வந்துவிடும் என்ற பெரியாரியலாளரின் ஐயத்தையும் எளிதில் ஒதுக்க இயலாது.

குஷ்புவை எதிர்த்தவர்களுக்கு

மணியம்மையாராக குஷ்பு நடிக்கலாமா என்று எழுந்த எதிர்ப்பை இங்கே தனியே சொல்ல வேண்டியுள்ளது. 2005ஆம் ஆண்டில் பெண்களின் திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து அவர் தெரிவித்த கருத்துக்காகத் தமிழகமெங்கும் கிளர்ச்சி நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2010 ஏப்ரல் 28ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வழக்குகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. அந்தப் பழைய சினத்தோடுதான் பலர் இந்தப் படத்தையும் அணுகினர். அவர் பின்னாளில் எந்தெந்தக் கட்சிகளுக்குச் சென்றார் என்பது வேறு கதை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

'பெண் ஏன் அடிமையானாள்?' என்று நூல் எழுதியவரின் வரலாற்றுப் படத்தில், ஒரு பெண் தன் கருத்தைச் சொன்னதற்காக அவளை நடிக்க விடாதே என்று கூக்குரலிட்டது எவ்வளவு பெரிய முரண்! 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடே அவரைப் பெரியார் என்று அழைக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அந்தப் பெயரையே பெண்களிடமிருந்து பெற்றவர் அவர். அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு பெண்ணின் வாயை அடைப்போர் தம்மைப் பெரியார் தொண்டர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள்.

நமக்கு இதில் என்ன?

"நாம் இங்கே வந்துவிட்டோம், சாதி அங்கேயே நின்றுவிட்டது, நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டைப் பாருங்கள். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தந்தையின் பெயரோ பாட்டனாரின் பெயரோ நிற்கும். பிற மாநிலத்துப் பிள்ளைகள் பலருக்கு அவ்விடத்தில் சாதிப்பெயர் நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு நிற்பதில்லை. ஏன்? சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு அதே செங்கல்பட்டு மாநாடு நிறைவேற்றிய தீர்மானத்துக்கும், அதனைத் தம் பெயரிலேயே செயற்படுத்திக் காட்டிய ஆயிரமாயிரம் மக்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. பிளேனோவிலும் எடிசனிலும் ஃபிரீமான்ட்டிலும் வளரும் பிள்ளை நாள்தோறும் எழுதும் தன் பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது. அதை நாம் சொல்லிக் கொடுத்தோமா?

சாதி கடல் கடக்கவில்லை என்பதும் உண்மையன்று. 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீதும், அங்குப் பணியாற்றிய பொறியாளர் இருவர் மீதும் சாதிப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டில் கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. பொறியாளர் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் மறுத்துத் திருப்பினார். இருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர் கூறிய காரணம். 2005-06 காலத்திலும், மீண்டும் 2016-17 காலத்திலும், கலிஃபோர்னியாப் பள்ளிப் பாடநூல்களில் சாதியைப் பற்றி என்ன எழுதுவது என்று பெரும்போர் நடந்தது. பழங்கால இந்தியாவைப் படிப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்!

இச்சட்டங்களை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஆனால் உங்கள் மகள் வகுப்பறையில் இந்தக் கேள்விக்கு முகங்கொடுக்கத்தான் போகிறாள். "உன் வீட்டில் சாதி பார்ப்பீர்களா?" என்று உடன் படிப்பவர் கேட்கும்போது அவள் என்ன விடை சொல்வாள்? வைக்கம் காட்சியில் தந்தை கைதட்டியதையும், அண்ணனின் திருமணப் பேச்சில் அதே தந்தை "அவர்கள் என்ன ஆட்கள்?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்ததையும் அவள் ஒரே வீட்டில்தானே கண்டிருப்பாள்?

இதுவே இப்படத்தின் மீதான உண்மையான வழக்கு என்போம். சத்யராஜின் ஒப்பனை சரியா, பாடல்கள் தேவையா, படம் நீளமா என்பனவெல்லாம் பிறகு. சாதி ஒழிப்பைத் திரையில் கண்டு மகிழ்ந்துவிட்டு, திருமண விளம்பரத்தில் உட்பிரிவைத் தேடும் நம் இரட்டை வாழ்க்கையைப் படம் தொட்டதா? தொடவில்லையென்றால் குறை படத்துடையது. தொட்டும் நாம் அசையவில்லையென்றால் குறை நம்முடையது. படத்தைப் பழித்தவரைவிட, படத்தைப் போற்றிவிட்டு மகனின் காதலைச் சாதி சொல்லி முறித்தவரே பெரியாருக்குப் பெரும் பகைவர்.

இறைநம்பிக்கையுள்ள பெற்றோருக்கு

உங்கள் மனம் புண்பட்டதைப் பொய் என்று யாம் சொல்லோம். ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். பெரியாரின் நெடுநாள் நண்பர் இராஜாஜி ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர். அரசியலில் அவருக்கு நேர் எதிரானவர். 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சுடுகாட்டுக்கே சென்று கண்ணீர் சிந்தினார். கொள்கைப் பகை வேறு, மனிதநேயம் வேறு என்று வாழ்ந்து காட்டியவர்கள் அவ்விருவரும். கடவுள் மறுப்பை உங்கள் பிள்ளை ஏற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், அந்தக் கோயிலைச் சுற்றிய தெருவில் ஒரு காலத்தில் சிலர் நடக்கவும் முடியாமல் இருந்ததை அறிந்திருக்க வேண்டும். அதை அறிவதால் எந்தத் தெய்வமும் சினங்கொள்ளாது.

என்ன செய்யலாம்?

இளையோரே! முதலில் உங்களுக்கு. படம் அலுப்பூட்டுகிறது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில் தலைவர்களைப் பற்றிய படங்கள் மேடை நாடக மரபிலிருந்து வந்தவை. ஆகவே அவை பேசிக்கொண்டே இருக்கும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி கணேசன் முழங்கிய வசனத்தை இன்றும் நம் தமிழ்ச் சங்க மேடைகளில் சிறுவர்கள் ஒப்பிக்கிறார்கள். அது உரையாடல் ஆசிரியரின் எழுத்து என்பதை மறந்து, கட்டபொம்மனே பேசியது என்று நம்புவோர் மிகப்பலர். அதே பந்துலு 1961இல் எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தபோது வணிகத்தில் தோற்றது. இன்று அதைப் போற்றாதார் இல்லை. முதல் பார்வையில் பிடித்தது, பிடிக்காதது என்பதோடு ஒரு படத்தின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அலுப்பு எங்கே வந்தது, ஏன் வந்தது என்று குறித்து வையுங்கள். விளங்காத பெயர்களைப் பட்டியலிடுங்கள். அப்பட்டியலே உங்களுக்கு நல்ல பாடத்திட்டம்.

பெற்றோரே! படத்தை ஒரே மூச்சில் காட்டாதீர்கள். இரு மாலைகளாகப் பிரியுங்கள். நீதிக்கட்சி என்றால் என்ன, சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பந்தி போட்ட சிக்கல் எது, 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு அவர் காங்கிரசை விட்டு ஏன் வெளியேறினார் என்பனவற்றை முன்னரே சொல்லுங்கள். படம் முடிந்தபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் யாருடைய குரல் கேட்கவில்லை? எந்த இடத்தில் பெரியாரோடு நீ மாறுபடுகிறாய்? நம் வீட்டில் இன்னும் மாறாதது எது? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையைக் கேட்டுச் சினங்கொள்ளாதீர்கள்.

தமிழ்ச் சங்கங்களே! தமிழ்ப் பள்ளிகளே! திரையிட்டுவிட்டு இனிப்பு வழங்கிக் கலையும் வழக்கத்தை விடுங்கள். திரையிடும் நேரத்தில் பாதியையேனும் விவாதத்துக்கு ஒதுக்குங்கள். போற்றுவோரையும், புண்பட்டோரையும், தலித் மக்களின் பக்கத்திலிருந்து கேள்வி கேட்போரையும் ஒரே மேடையில் அமர்த்துங்கள். நடுவராக ஓர் இளையவரை நியமியுங்கள். நியூ ஜெர்சியில் இருப்போர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆறு கடந்து சென்றால், 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தைக் காட்டலாம். பெரியாரையும் அம்பேத்கரையும் அருகருகே வைத்துப் படிக்கும் பிள்ளை எவர் மீதும் குருட்டுப் பற்றுக் கொள்ளாது.

எதனையும் தம் சொல் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள் என்று கூட்டந்தோறும் சொன்னவர் பெரியார். தமக்கே அவர் விலக்குக் கேட்கவில்லை. அவரைப் பற்றிய படத்துக்கு நாம் விலக்குக் கேட்பது நகைப்புக்குரியது. வருகிற செப்டம்பர் 17ஆம் நாள் உங்கள் ஊரில் அப்படம் மீண்டும் திரையிடப்படுமானால், பிள்ளைகளோடு செல்லுங்கள். அவர்கள் எழுந்து கேள்வி கேட்டால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். கேட்கட்டும்!